எண்பத்து நாலு கிலோ

அவரை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய ஆட்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால், முடிப்பதற்குள் எப்படியாவது அவர்களை நல்லவர்களாக ஆக்கிவிடுகிற பழக்கம் எல்லோருக்கும் இருக்கிறது. எனக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. அவர் எங்கள் கம்பெனியை விட்டுப் போய் மூன்று வருடம் ஆகிறது. இன்றைக்கும் யாராவது பேச்சின் நடுவில் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்பை உருக்கி பம்பு உறுப்புகள் வார்க்கிற கம்பெனி எங்களுடையது. நான் அங்கே கிரேன் ஓட்டுகிறேன். அவர் புரொடக்‌ஷன் மேனேஜராக வந்து சேர்ந்தார். பெயர் வேண்டாம். நாங்களும் அவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதில்லை. எதிரில் சார், முதுகுக்குப் பின்னால் வாட்ச் சார்.

நல்ல உயரம். இஸ்திரி கலையாத முழுக்கைச் சட்டை போடுவார், ஆனால் இடது கையை மட்டும் முழங்கை வரை மடித்துவிட்டிருப்பார். அந்தக் கையில்தான் வாட்ச், நடக்கிற அடிகளை எண்ணிக் காட்டுகிற வகை. வந்த முதல் வாரமே போனை எடுத்து எல்லோரிடமும் ஒரு போட்டோவைக் காட்டினார். “இது யார்னு தெரியுதா?” என்று கேட்டார். கழுத்தே தெரியாத ஒரு குண்டு ஆள் கேக் வெட்டிக்கொண்டிருந்தார். “நான்தான். தொண்ணூத்தெட்டு கிலோ. இப்ப எண்பத்து நாலு.” வாட்சைத் தட்டிக் காட்டி, “இவன்தான் என்னைக் காப்பாத்தினான்” என்றார். அவருடைய அப்பா ஐம்பது வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாராம். அந்தப் பயம் இருந்திருக்கலாம். பயந்த மனிதர் தன் பயத்தைத் தன்னோடு வைத்துக்கொண்டிருந்தால் எனக்கு அவரிடம் ஒரு சண்டையும் இல்லை.

கேன்டீன் அக்காவிடம் ஒரு நாள், “இந்த உப்புமால எவ்ளோ கலோரி இருக்கும்மா?” என்று கேட்டார். அக்கா தட்டை ஒரு முறை பார்த்துவிட்டு, “தெர்ல சார். முந்திரி போடல” என்றார். நாங்கள் சிரித்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து வீட்டிலிருந்தே அவித்த முட்டையின் வெள்ளைக்கருவையும் ஒரு கொய்யாப்பழத்தையும் கொண்டுவந்து, தனியாக உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தார்.

இதெல்லாம் பரவாயில்லை. மோல்டிங் செக்‌ஷனில் இருந்த பெரியவர் ஒருவர், தன் அம்மாவின் காரியத்துக்கு லீவு கேட்க அவர் அறைக்குப் போனார். துணைக்கு நானும் போயிருந்தேன். வாட்ச் சார் நாற்காலியை விட்டு எழுந்து, நின்ற இடத்திலேயே லெஃப்ட் ரைட் போட்டுக்கொண்டிருந்தார். “சொல்லுங்க, கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்” என்றார். பெரியவர் சொல்லச் சொல்ல இவருடைய கால்கள் நிற்கவே இல்லை. அம்மா எப்படிப் போனாள், எத்தனை நாள் படுத்திருந்தாள் என்று பெரியவர் கண் கலங்கிச் சொல்லிக்கொண்டிருந்தபோது வாட்ச் ஒரு முறை அதிர்ந்தது. அவர் அதைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. “பத்தாயிரம்” என்றார். பெரியவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். அந்த நிமிடம் முதல் நான் வாட்ச் சாரை மனதார வெறுத்தேன் என்று சொன்னால் அதில் கொஞ்சமும் மிகையில்லை.

ஆயுத பூஜைக்கு எங்கள் கம்பெனியில் பொரி, ஸ்வீட் பாக்ஸோடு ஒரு எவர்சில்வர் சாமானும் தருவது வழக்கம். எங்கள் வீட்டுத் தூக்குவாளி, டிபன் கேரியர், முறுக்கு டப்பா எல்லாம் ஆயுத பூஜையில் வந்ததுதான். அவர் வந்த வருடம் சாமான் கிடையாது. ஆளுக்கு ஒரு கறுப்புப் பட்டை. நாற்பது பேர் கையிலும் அவரே கட்டிவிட்டார். “மணி காட்டும், நடை காட்டும், உடம்பு ஒரு நாளைக்கு எவ்ளோ கலோரி எரிக்குதுன்னு காட்டும். குளிக்கிறப்போ மட்டும்தான் கழட்டணும். வீட்லயும் கட்டியிருக்கணும்” என்றார். பூஜைக்கு மெஷின்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டிருந்த எங்கள் ஆட்கள், பட்டைகளுக்கும் பொட்டு வைத்துவிட்டார்கள். அதுவும் மெஷின்தானே. “சென்சார்ல வெக்காதீங்கப்பா!” என்று கத்திக்கொண்டு, கைக்குட்டையோடு ஒவ்வொரு கையாகத் துடைத்துக்கொண்டே போனார். நாற்பது பட்டைகளையும் ஒண்டியாக உட்கார்ந்து முக்கால் மணி நேரத்தில் பதிவு செய்து முடித்ததாக அன்றைக்குப் பெருமையடித்துக்கொண்டார். முக்கால் மணி நேரத்தில் எப்படி முடிந்தது என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

கேட்டில் ஒரு டேப்லெட் கம்ப்யூட்டர் மாட்டினார்; அதே கணக்கைக் காட்டுகிற இன்னொரு டேப் அவர் கையில். பட்டையோடு கேட்டு டேப்பைத் தாண்டிப் போனால் போதும், முந்தைய நாட்களின் கணக்கெல்லாம் தானாக அதில் ஏறிவிடும். மறுநாள் காலையில் கேன்டீன் வாசல் போர்டில் நாற்பது பெயர்களும் வரிசையாக இருக்கும். அதிகம் எரித்தவன் மேலே, குறைவாக எரித்தவன் கீழே.

கடைசிப் பெயர் என்னுடையது. என்றைக்குமே என்னுடையதுதான்.

நான் மேலே கூண்டில் உட்கார்ந்து, உருகிய இரும்பு நிறைந்த பெரிய குடுவையை ஆட்களின் தலைக்கு மேலே நகர்த்திக் கொண்டுபோகிறவன். கை அசையாமல் பிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். என் கை ஒரு தரம் சும்மா ஆடினால் கீழே நிற்கிறவன் வீட்டுக்குப் போக மாட்டான். அது பட்டைக்குத் தெரியாது. போர்டுக்கு முன்னால் பத்துப் பேரை வைத்துக்கொண்டு அவர் என்னைக் கேட்டார். “என்னப்பா, வேலைக்கு வர்றியா, ரெஸ்ட் எடுக்க வர்றியா?”

“குந்திகினே பாக்கற வேலை சார் அது.”

“நடுவுல எழுந்து கைகால் ஆட்டு.”

“ஆட்டுனா கீய இருக்கறவங்க செத்துடுவாங்க சார்.”

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, மணிக்கட்டைத்தான் பார்த்தார். “எல்லாத்துக்கும் ஒரு பதில் வெச்சிருக்கீங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இருபத்திரண்டு வருடமாக ஒரு சொட்டு சிந்தாமல் ஓட்டியவன் நான்.

போர்டில் பெரும்பாலும் முதலில் இருந்தவன் ஏழுமலை. வார்த்து வந்த உறுப்புகளின் பிசிறுகளைக் கிரைண்டிங் மெஷினில் தேய்த்து எடுக்கிற வேலை அவனுக்கு. ஊர் கவரைப்பேட்டைப் பக்கம். அவன் தாத்தா காலம் வரை அடுத்தவன் நிலத்தில் நாற்று நட்டுக்கொண்டிருந்த குடும்பம். ஆறு வருடமாகக் கான்ட்ராக்ட்டில் இருந்தான். எங்கள் கம்பெனியில் பெர்மனென்ட் ஆட்களுக்கு நீலச் சட்டை, கான்ட்ராக்ட் ஆட்களுக்குச் சாம்பல் சட்டை. நீலச் சட்டைக்குக் கம்பெனி பஸ், சாம்பலுக்கு ஷேர் ஆட்டோ. அந்த வருடம் மூன்று பேரைப் பெர்மனென்ட் ஆக்கப்போவதாகவும் அதில் ஏழுமலை ஒருவன் என்றும் முடிவாகி, ஜூன் மாதமே டெய்லர் வந்து மூன்று பேருக்கும் நீலச் சட்டைக்கு அளவெடுத்துக்கொண்டு போயிருந்தார். பட்டியலில் வாட்ச் சார் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

“அண்ணே, பஸ்ஸுல உன் பக்கத்துல ஒரு சீட்டு போட்டு வையி” என்று ஏழுமலை தினமும் என்னைச் சீண்டுவான். அவன் மனைவி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்ப் பெரியபாளையத்து அம்மனிடம் வேண்டிக்கொண்டு வந்திருந்தாள்.

ஆடி பிறந்தது. ஒரு திங்கட்கிழமை ஏழுமலை வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். புதன்கிழமை சாயங்காலம் பிரெட்டும் இளநீரும் வாங்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். பாயில் சுருண்டு கிடந்தான். இரண்டு போர்வைக்குள்ளும் பல் கிட்டிக்கொண்டிருந்தது. தொட்டால் சுட்டது. கையில் அந்தக் கறுப்புப் பட்டை.

“இத்த ஏன்டா கட்டிகினு கெடக்கற? கழட்டித் தூர வையி.”

“வேணாம்ணே. கழட்டுனா சாரு இன்னான்னு கேப்பாரு. லிஸ்ட்டு போற டைமு.”

“மூணு நாளா கழட்டவே மாட்டன்றாரு. ஆஸ்பத்திரில ஊசி போடறப்பகூட கழட்டல” என்றாள் அவன் மனைவி.

வெள்ளிக்கிழமை, அரசு ஆஸ்பத்திரிச் சீட்டோடு வேலைக்கு வந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கேட்டில் டேப்பைத் தாண்டினான். படுத்திருந்த நான்கு நாட்களின் கணக்கும் அதில் ஏறியது.

சனிக்கிழமை காலை அவனைக் கூப்பிட்டனுப்பினார் வாட்ச் சார். கூடவே, அவன் வீட்டுக்குப் போய்ப் பார்த்தவன் என்பதால் என்னையும்.

“திங்கள் ரெண்டாயிரத்து நானூறு. செவ்வாய் ரெண்டாயிரத்து ஐநூத்தி பத்து. புதன் ரெண்டாயிரத்து அறுநூறு” என்று டேப்பைப் பார்த்துப் படித்தார். “படுத்துட்டிருந்தவன் எப்படிப்பா இவ்ளோ எரிப்பான்?”

ஏழுமலைக்கு ஒன்றும் புரியவில்லை. “காய்ச்சல் சார்” என்றான்.

“உன் மச்சான் பெரியபாளையத்துல பொங்கல் பானைக் கடை போடுவான்ல? ஆடி மாசம் அங்க செம கூட்டம். லோடு இறக்கப் போயிருக்க. லீவ் இங்க, வேலை அங்க.”

“ஐயோ, இல்ல சார். எந்திரிச்சி வெளிக்குப் போவவே என் ஒய்ஃபு தாங்கிப் புடிச்சிகினு போனா சார்.”

நான் சொன்னேன். புதன்கிழமை என் கண்ணால் பார்த்தேன், தொட்டுப் பார்த்தேன், அடுப்பாய்ச் சுட்டது என்றேன். ஆஸ்பத்திரிச் சீட்டையும் காட்டினோம். அவர் சீட்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. “சீட்டு எங்க வேணா வாங்கலாம். நீங்க ரெண்டு பேரும் ஃபிரெண்ட்ஸ். இவன் யாருக்கும் ஃபிரெண்ட் இல்ல” என்று டேப்பின் மேல் விரலால் தட்டினார். “திங்கட்கிழமை லிஸ்ட் போகுது. அதுக்குள்ள உண்மையைச் சொல்லிட்டா பாக்கலாம்.”

வெளியே வந்து ஏழுமலை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். “போவாத எடத்துக்குப் போனேன்னு சொல்லவாண்ணே?” என்று கேட்டான். அவன் அதைச் சொல்லத் தயாராக இருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மகளிடம் பட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். அவள் நர்சிங் படிக்கிறாள். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். “நைனா, கலோரின்னா வேலைன்னு யாரு சொன்னது? நீ சும்மா படுத்துகினு இருந்தாலும் மூச்சு உடணும், நெஞ்சு அடிக்கணும், உடம்பு சூடா இருக்கணும். அதுக்கே ஒரு நாளைக்கி ஆயிரத்து நானூறு ஐநூறு போவும். அதையும் சேத்துத்தான் இது மொத்தமா காட்டுது. காய்ச்சல்ல நெஞ்சு வேகமா அடிக்கும். இது அத்தப் பாத்துட்டு, ஆளு ஓடறான்னு நெனச்சிக்கும்.”

“அப்ப இது எரியறத அளக்கலியா?”

“அளக்க முடியாது நைனா. வயசு, ஒசரம், எடை இன்னான்னு நாம போட்டுக் குடுக்கறத வெச்சு, இவ்ளோ இருக்கும்னு ஒரு மதிப்பு போடுது. அவ்ளோதான். கழட்டி வெச்சாகூட அது பாட்டுக்கு ஓடும்.”

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அப்போது பட்டையில் அறுநூற்றிச் சொச்சம் காட்டியது. அதைக் கொண்டுபோய் சமையற்கட்டில் அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினேன். பகல் முழுக்க யாரும் தொடவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு எடுத்துப் பார்த்தால் ஆயிரத்து இருநூற்றி எண்பது.

மகள் அதை வாங்கித் தன் போனில் என்னவோ செய்து பார்த்தாள். “நைனா, உன் எடை எவ்ளோ?”

“அம்பத்தெட்டு.”

“இதுல எண்பத்து நாலுன்னு போட்டிருக்குது.”

சாயங்காலமே ஏழுமலை வீட்டுக்குப் போனோம். அவன் பட்டையிலும் எண்பத்து நாலு. பக்கத்துத் தெருவில் இருந்த கேன்டீன் அக்காவின் பட்டையிலும் எண்பத்து நாலு. வயது நாற்பத்தி மூன்று, ஆண். அக்கா வாய்விட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முக்கால் மணி நேரத்தில் நாற்பது பட்டை எப்படி முடிந்தது என்று அப்போதுதான் விளங்கியது. யாரையும் எதுவும் கேட்காமல், நாற்பதிலும் தன்னுடைய வயதையும் தன்னுடைய எடையையும் போட்டுவிட்டிருக்கிறார் மனிதர். ஒன்பது மாதமாக நாற்பது கைகளிலும் அவர் தன்னையே எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

திங்கட்கிழமை முதல் வேலையாக ஏழுமலையைக் கூட்டிக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். பட்டையை மேஜையில் வைத்தேன்.

“சார், இது நேத்து பகல் முச்சூடும் எங்க ஊட்டு அரிசி டிரம்முல கெடந்துது. அறுநூறு கலோரி எரிச்சிகீது. அரிசி டிரம்மு எங்க சார் லோடு இறக்கப் போச்சு?”

அவர் பட்டையைப் பார்த்தார். எடை விஷயத்தையும் சொன்னேன். டேப்பை எடுத்து எதையோ தள்ளித் தள்ளிப் பார்த்தார். காது சிவந்துவிட்டது. புரிந்துவிட்டது என்பது நன்றாகத் தெரிந்தது. ஒரு ‘தப்பாயிடுச்சுப்பா’ வரும் என்று நான் காத்திருந்தேன். ஏழுமலையும் காத்திருந்தான்.

“உன் வெயிட் எவ்ளோ?” என்று ஏழுமலையைக் கேட்டார். ஒன்பது மாதத்தில் அவனைப் பற்றி அவனிடமே அவர் கேட்ட முதல் கேள்வி அது.

“இப்ப அம்பத்திரண்டு சார். காய்ச்சலுக்கு முன்ன அம்பத்தேழு.”

“வயசு?”

“இருபத்தொம்போது.”

தட்டித் தட்டி உள்ளே போட்டார். டேப்பை மூடி வைத்தார். “சரி பண்ணிட்டேன். இனிமே கரெக்டா காட்டும்” என்றார்.

“லிஸ்ட்டு சார்?” என்று கேட்டான் ஏழுமலை.

“அது சனிக்கிழமையே போயிடுச்சுப்பா. உன் பேருக்குப் பதிலா வேற பேர் குடுத்தாச்சு. அடுத்த வருஷம் பாக்கலாம்.” பிறகு என் பக்கம் திரும்பி, “லீவ் நாள்லயும் பட்டையைக் கழட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல? டிரம்ல போட்டது தப்பு. இனிமே அப்படிச் செய்யாதே” என்றார்.

திங்கட்கிழமை போகும் என்று சொன்ன பட்டியலைச் சனிக்கிழமையே அனுப்பிவிட்டு, அந்த இரண்டு நாளும் அவனைத் தவிக்கவிட்ட ஆள் அவர். கெட்ட வார்த்தை நுனிநாக்கு வரை வந்தது. எனக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், மூடிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்காக இன்றும் என் மேலேயே எனக்கு வெறுப்புத்தான்.

ஏழுமலை அன்று ஷிஃப்ட் முடியும் வரை கிரைண்டிங் பார்த்தான். சாயங்காலம் கான்ட்ராக்டரிடம் கணக்கு முடிக்கச் சொல்லிவிட்டு, கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று பட்டையைக் கழற்றி என் கையில் திணித்தான். “பேஜாரா கீதுண்ணே. நீயே குடுத்துடு. அந்த மூஞ்ச நான் பாக்க மாட்டேன்.” மறுநாள் பெரியபாளையம் போய்விட்டான். செய்யாத வேலைக்குப் பழி சுமந்தவன், அந்த வேலைக்கே போய்ச் சேர்ந்தான். அவனுக்காகத் தைத்த நீலச் சட்டை ஸ்டோரில் கொஞ்ச நாள் கிடந்தது. பிறகு யாரோ போட்டுக்கொண்டார்கள்.

நான் பட்டையைக் கொடுக்கவில்லை. என் டிபன் பைக்குள் போட்டுக்கொண்டேன். தினமும் காலையில் அது என்னோடு கேட்டுக்குள் வந்தது, சாயங்காலம் என்னோடு வெளியே போனது. போகும்போதும் வரும்போதும் டேப் அதை வரவேற்றுக் கணக்கில் ஏற்றிக்கொண்டது. மூன்றாம் நாள் போர்டில் முதல் முறையாக நான் கடைசி இல்லை. எனக்குக் கீழே ஏழுமலை இருந்தான். ஆயிரத்து நானூற்றிப் பத்து.

அவன் மெஷினில் வடக்கிலிருந்து வந்த புது ஆள் ஒருவன் நின்றான். வாட்ச் சார் தினமும் இரண்டு தடவை அந்த மெஷினைத் தாண்டிப் போனார். நான் கூண்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். குனிந்து மணிக்கட்டைப் பார்த்தபடி நடப்பார். ஒரு நாளும் நிமிரவில்லை. ஒரு வாரம் போயிற்று. போர்டில் ஏழுமலை தினமும் ஆயிரத்து நானூறு எரித்துக்கொண்டிருந்தான்.

பதினோராவது நாள் என்னை அறைக்குக் கூப்பிட்டார். கையில் டேப். முகத்தில் நிஜமாகவே கொஞ்சம் கவலை இருந்தது. அதைத்தான் என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

“உன் ஃபிரெண்ட் ஏழுமலை ஏன்ப்பா இப்படி ஆயிட்டான்? டாப்ல இருந்தவன். பத்து நாளா ஆயிரத்து நானூறுலயே நிக்கறான். லிஸ்ட்ல பேர் வரலைன்னு வேலை செய்யாம முரண்டு பண்றானா? இப்பவே வரச் சொல்லு, நான் பேசறேன்.”

நான் போய் டிபன் பையை எடுத்துக்கொண்டு வந்தேன். சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் கிடந்த பட்டையை எடுத்து அவர் முன்னால் மேஜையில் வைத்தேன்.

“வந்துட்டான் சார். பேசுங்க.”

அவர் பட்டையை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பட்டனை அழுத்தினார். ஏழுமலை எங்கே, எப்போது போனான் என்று கேட்பார் என்று நின்றுகொண்டே இருந்தேன்.

“சார்ஜே இல்லையே” என்றார். டிராயரைத் திறந்து ஒயரைத் தேட ஆரம்பித்தார்.